பூனைவணங்கி

2020 ஏப்ரல் 3-ஆம் தேதி பிரதமர் லீ சியன் லூங் தொலைக்காட்சியில் பேசி முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப கரண்ட் போயிருமா?" என்பதுதான். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அரசாங்கம் வைத்த பெயர் அப்படி. சர்க்யூட் பிரேக்கர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. வாசல் கதவுக்கு மேலே வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். இஸ்திரிப்பெட்டியையும் பழைய வாட்டர் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் 'டப்'பென்று விழும். நாற்காலி போட்டு ஏறித் தூக்கிவிட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடும். "அதே மாதிரிதாம்மா, நோய் ஜாஸ்தி ஆயிடக்கூடாதுன்னு கொஞ்ச நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்தி வைக்கிறாங்க" என்று விளக்கினேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்பறம் நாற்காலி போட்டு யாரு ஏறுவா?" என்றார்.

ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 56 நாட்கள். அந்த நாட்களைப் பற்றி நம் ஆட்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். கவிதைகளில் பாதியில் ஜன்னல் இருந்தது, மீதியில் மௌனம். ஃபேஸ்புக் முழுக்க டல்கோனா காப்பி, வாழைப்பழ கேக், மாடித்தொட்டியில் முளைத்த முதல் கொத்தமல்லி. தனிக்கடையாக இருக்கும் பபிள் டீ கடைகளை ஏப்ரல் 21 இரவு 11:59 மணியோடு மூட வேண்டும் என்று அறிவித்தபோது, தீவு முழுக்க அந்தக் கடைகளின் முன்னால் நீண்ட வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூம் இலக்கியக் கூட்டங்கள் வேறு. "ஐயா, நீங்க மியூட்ல இருக்கீங்க" என்பதுதான் அந்த ஆண்டு தமிழ் இலக்கிய உலகில் அதிகம் உச்சரிக்கப்பட்ட வாக்கியமாக இருக்கும். நானும் டல்கோனா அடித்துப் பார்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம். காப்பிக்கடை கோப்பியே மேல்.

எனக்கு அந்த 56 நாளில் கிடைத்தது புல்.

ஈசூனில் எங்கள் புளோக்குக்கும் பல மாடிக் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஒரு சரிவு உண்டு. இரண்டு பூப்பந்துத் திடல்களை ஒட்டிவைத்த அளவு இருக்கும். ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய், மறுபக்கம் சைக்கிள் பாதை, நடுவில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். பதினோரு வருடமாக அதைத் தாண்டித்தான் எம்ஆர்டிக்குப் போகிறேன். அதைப் பச்சை நிறத் தரை என்பதற்கு மேல் நினைத்ததில்லை.

நினைக்க வாய்ப்பும் இல்லை. சிங்கப்பூரில் புல் வளர்வதைவிட வெட்டப்படுவதுதான் கண்ணுக்குத் தெரியும். மாதத்துக்கு இரண்டு முறை, முதுகில் இயந்திரம் சுமந்தபடி நான்கைந்து பேர் லாரியிலிருந்து இறங்குவார்கள். கல் தெறித்துக் காரிலோ ஆள்மீதோ படாமலிருக்க, இரண்டு பேர் ஒரு வலைத் தடுப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடவே நகர்வார்கள். சுழல்வது பெரும்பாலும் கத்திகூட இல்லை, தடித்த நைலான் நூல். வெட்டி முடித்ததும் காற்று ஊதும் இயந்திரம் வந்து பாதையில் சிதறியதை ஒதுக்கும். இருப்பதிலேயே பெரிய சத்தம் அதுதான். பிறகு எல்லாவற்றையும் பைகளில் கட்டித் தூக்கிப் போவார்கள். நான்காம் மாடியில் இருக்கும் எனக்கு அது காலை எட்டரை மணியின் சத்தம். ஜன்னலைச் சாத்தினால் பாதி குறையும்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தோடு அந்தச் சத்தம் நின்றது. பத்து நாளில் புல் கணுக்கால் உயரம். மே தொடக்கத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. அப்போதுதான் தெரிந்தது, ஒரே புல் என்று நினைத்திருந்த இடத்தில் இருபது வகைச் செடிகளாவது இருந்தன. எல்லாமே இத்தனை வருடமும் அங்கேதான் இருந்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் தலை தூக்க விடாததால் பூக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சரிவைத் தாண்டித்தான் சோங் பாங் சந்தைக்கும் போக வேண்டும். ஏப்ரல் 22 முதல் சோங் பாங் உட்பட நான்கு ஈரச்சந்தைகளில் ஒற்றைப்படை, இரட்டைப்படை விதி வந்தது. அடையாள அட்டையின் கடைசி எண் இரட்டைப்படை என்றால் இரட்டைப்படைத் தேதியில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். அம்மாவுக்கு 4, எனக்கு 7. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சந்தையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அம்மா, முதல்முறையாகப் பாதியை என்னிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. என் நாளில் நான் வாங்கிவந்த வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கப் பார்த்துவிட்டு, "இது ஒத்தப்பட வெண்டக்கா" என்பார். முற்றியது என்று அர்த்தம். அந்தச் சொல் இன்றும் எங்கள் வீட்டில் புழங்குகிறது. சரியாக வேகாத பருப்பு, பாதியில் நின்றுபோன லிஃப்ட், தாமதமாக வரும் உறவினர் எல்லாமே ஒத்தப்படைதான்.

அம்மாவின் நாளில் நானும் சரிவு வரைக்கும் கூடப் போவேன். அவர் சந்தையிலிருந்து திரும்பி வரும்வரை அங்கேயே நடந்துகொண்டிருப்பேன். வந்ததும் பையை ஓரமாக வைத்துவிட்டு அவரும் பார்ப்பார். ஒரே வீட்டு ஆட்கள் என்பதால் சேர்ந்து நிற்கத் தடையில்லை.

அம்மா பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1989-இல் இங்கே வந்தார். காய்கறிகளின் பெயர் அவருக்கு ஆங்கிலத்தில் தெரியும், விலை கேட்க மலாய் தெரியும். செடிகளின் பெயர் மட்டும் தமிழில்தான் தெரியும். முப்பது வருடமாக அதைச் சொல்லும் தேவை வரவில்லை.

"இது மூக்குத்திப்பூ. வெட்டுக்காயப் பூண்டும்பாங்க. அருவா பட்டா கசக்கி வுடுவோம்." "இது அம்மான் பச்சரிசி. கிள்ளிப் பாரு, பால் வரும்." "இந்த வெள்ளப் பூவு... பேரு வாயிலயே நிக்குது, வர மாட்டேங்குது." அந்தப் பெயர் மூன்று நாள் கழித்தும் வரவில்லை. நான் கைப்பேசியில் தேடிச் சொல்லவா என்று கேட்டதற்கு, "வேணாம், அதுவா வரட்டும்" என்று தடுத்துவிட்டார். எனக்குக் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அந்த வெள்ளைப் பூவைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். "அழகா இருக்கு" என்று பதில் வந்தது.

பக்கத்து வீட்டு மக்சிக் மாலையில் பூனைகளுக்குச் சோறு வைக்கக் கீழே வருவார். தள்ளி நின்றே பேசிக்கொள்வோம். அம்மா கீழாநெல்லியைக் காட்டி, இலைக்காம்புக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் உருண்டைகளைத் திருப்பிக் காண்பித்தார். மக்சிக், "ஓ, டுக்கோங் அனாக்!" என்றார். பிள்ளையை முதுகில் சுமப்பது என்று பொருள். அதே இலை, அதே காய். ஒரு மொழிக்கு அது கீழே காய்த்த நெல்லி, இன்னொரு மொழிக்கு அம்மா முதுகில் தொற்றிய பிள்ளைகள். தொட்டாற்சிணுங்கிக்கு மலாயில் செமாலு. மாலு என்றால் வெட்கம். மலாயில் வெட்கப்படுகிற செடி தமிழில் சிணுங்குகிறது. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து, நடுவே இரண்டு மீட்டர் இடம் விட்டு, ஆளுக்கொரு செடியைத் தொட்டுத் தொட்டுச் சுருங்க வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு இடைவெளித் தூதர் ஒருவர் வந்துவிட்டார். சின்னப் பையன். என்ன செய்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். அம்மா எழுந்து நின்று, "தெங்கோ சஜா" என்றார். சும்மா பார்க்கிறோம். சாமான் வாங்கலாம், உடற்பயிற்சி செய்யலாம், உணவு பொட்டலம் கட்டி வாங்கலாம் என்று நீளும் அனுமதிப் பட்டியலில் 'பார்த்தல்' எங்கே வரும் என்று அவனுக்கும் தெரியவில்லை போல. தலையாட்டிவிட்டுப் போனான். போகும்போது அவனும் ஒரு செடியைக் காலணி நுனியால் தொட்டதைப் பார்த்தேன்.

பூனை விஷயத்துக்கு வருகிறேன். கால்வாய் ஓரத்தில் சிமெண்ட் விரிசலில் குப்பைமேனி முளைத்திருந்தது. தோலுக்கு நல்லது என்று சோப்பு விளம்பரத்தில் கேட்ட பெயராகத்தான் எனக்கு அது அறிமுகம். அம்மா அதைப் பிடுங்கப் போனார். பொது இடத்துச் செடியைப் பறிக்கக் கூடாதும்மா என்றேன். "வெட்டுனா தப்பில்ல, கிள்ளுனா தப்பா?" என்று கேட்டபடியே வேரோடு இழுத்துவிட்டார். அதற்காகவே காத்திருந்ததுபோல, கார்களுக்கு அடியிலிருந்து புளோக்கின் ஆரஞ்சுப் பூனை வந்தது. இடது காது நுனி வெட்டப்பட்ட, யாரையும் கிட்டே சேர்க்காத கடுகடுப்பான பூனை. வேரை முகர்ந்தது. கடித்தது. பிறகு கன்னத்தை அதில் தேய்த்துத் தேய்த்து, எச்சில் ஒழுக, மல்லாந்து புரள ஆரம்பித்தது. மக்சிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கூச்சிங் காலாக்!" குஷி பிடித்த பூனை. மலாயில் செடிக்கே அதுதான் பெயராம்.

அம்மா திடீரென்று சொன்னார். "பூனவணங்கி. எங்க அப்பாயி இத பூனவணங்கின்னுதான் சொல்லும்."

மல்லாந்து, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து, வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது ஆரஞ்சு. வணங்கியதேதான். அகராதியில் பூனைவணங்கி என்று பார்த்தால் குப்பைமேனி என்று போட்டிருக்கும். எந்த அகராதியிலும் இந்தப் பூனை இல்லை.

மே மாதத்தில் புல் கதிர் விட்டபோது புள்ளிச்சில்லைகள் வந்தன. ஊர்க்குருவியைவிடச் சின்னது, பழுப்புத் தலை, மார்பில் மீன் செதில் மாதிரிக் கோடுகள். புல் விதைதான் அவற்றுக்குச் சாப்பாடு. ஒன்று ஒரு தண்டில் வந்து உட்காரும், தண்டு தாங்கும். இன்னொன்று அதே தண்டுக்கு வரும், தண்டு வளைந்து இரண்டும் தரைக்கு வரும். உடனே இரண்டும் பறந்து அடுத்த தண்டுக்குப் போய் அதையே மறுபடி செய்யும். பக்கத்திலேயே ஆயிரம் தண்டுகள் காலியாக இருந்தன. அலுவலகக் கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோருக்கும் இந்தப் புல் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். புளோக்கின் வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் புகார். பாம்பு வரும், கொசு வரும், நகர மன்றம் என்ன செய்கிறது. கொசு பயம் நியாயமானதுதான். 2020-இல் சிங்கப்பூரில் டெங்கி 35,000 பேருக்கு மேல் தாக்கியது. ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய சுத்தமான தண்ணீரில். அதிகம் புகார் செய்தவரின் வாசலில் நான்கு பூந்தொட்டிகள், நான்குக்கும் அடியில் தண்ணீர் நிறைந்த தட்டு.

அந்த நாட்களில் நான் படித்த ஒரே புத்தகம் சேவியர் டி மேஸ்த்ர் எழுதிய 'என் அறையைச் சுற்றி ஒரு பயணம்'. ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். 1790-இல் இத்தாலியின் துரின் நகரில் இந்த இளம் ராணுவ அதிகாரி யாரோடோ ஒண்டிக்கு ஒண்டி மோதியதற்காக 42 நாள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். பொழுது போக வேண்டுமே, தன் அறைக்குள்ளேயே பயணம் போவதாக எழுதினார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து மேசைக்கு, சுவரில் தொங்கும் ஒவ்வொரு படத்துக்கும். நாளுக்கு ஒன்றாக 42 அத்தியாயம். 1794-இல் வெளிவந்தது. பொதுமுடக்கக் காலத்தில் உலகம் முழுக்கப் பலரும் இதைத் தேடிப் படித்தார்கள். சின்ன சந்தோஷங்களைப் பற்றிய முன்னோடி நூல் என்று சொல்லலாம்.

படிக்கப் படிக்க என் கண்ணில் பட்டது ஜொவானெத்திதான். டி மேஸ்த்ரின் வேலைக்காரன். அறையைச் சுற்றும் பயணத்தில் காப்பி எப்படி வந்தது, துணி எப்படிச் சுத்தமானது என்று பார்த்தால் அவன் நிற்கிறான். தண்டனை எஜமானுக்கு. அந்த 42 நாளும் உள்ளேயும் வெளியேயும் நடந்தவன் இவன். டி மேஸ்த்ர் அவனை மறைக்கவில்லை, பிரியமாகவே எழுதுகிறார். அதனால்தான் அந்தப் புத்தகம் இன்றும் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என்னுடைய பயணத்தில் நிலைமை தலைகீழ். எனக்கு இந்தப் புல்லைக் கொடுத்தவர் எதையும் கொண்டுவந்து தரவில்லை. வராமல் இருந்தார்.

அவரை எனக்குத் தெரியும்.

2019 கடைசியில் ஒருநாள் மதியம். புளோக்குக் கீழே அட்டை விரித்துப் படுத்திருந்த புல்வெட்டும் ஊழியர்களில் ஒருவர் கைப்பேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்ததை அம்மா கேட்டுவிட்டார். அந்த இழுப்பு அவருக்குத் தெரிந்த இழுப்பு. "தம்பி, நீங்க எந்தூரு?" "அறந்தாங்கிப் பக்கம்மா." போதாதா? மறுமுறை வந்தபோது மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கீழே போனது. காலி பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும் என்று தம்பி என் எண்ணை வாங்கிக்கொண்டார். இங்கே வந்து ஆறு வருடம். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். என்னை அக்கா என்பார்.

ஏப்ரல் கடைசியில் அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. "அக்கா, நல்லா இருக்கீங்களா? அம்மா எப்டி இருக்காங்க? நாங்க ரூம்லதான்க்கா. பன்னண்டு பேரு. வெளிய போவ முடியாது. ஒண்ணும் பிரச்சினை இல்ல." கொஞ்சம் இடைவெளி விட்டு, "நம்ம எடத்துல புல்லு எவ்ளோ ஒசரம் ஆயிருக்குக்கா?"

நம்ம எடம் என்றார். கீழே போய் என் காலைச் சேர்த்துப் படமெடுத்து அனுப்பினேன். "ஆத்தீ!" என்று பதில் வந்தது. பிறகு, "ரெண்டு வெட்டுத் தாண்டப் போவுது."

அவர்களுக்கு வெட்டு என்பது கால அளவு. இரண்டு வாரம் ஒரு வெட்டு. அதன்பிறகு நானும் நாட்களை அப்படித்தான் எண்ணினேன். நான்கைந்து நாளுக்கொரு முறை படம் கேட்பார், அனுப்புவேன். தொழில்காரரின் கண்ணால் பார்ப்பார். "இந்த மூலையில கோரை ஏறுது பாருங்க, அது நூலுக்கு அடங்காது, பிளேடு போடணும்." "மரத்தடி சரியா வளராது, நெழலு." பூக்களைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். ஒருமுறை மட்டும், புல் கதிர்விட்ட படத்தைப் பார்த்துவிட்டு நீளமாகப் பேசினார். "ஊர்ல ஆத்தா ஆடு வச்சிருக்குக்கா. வெயில் காலத்துல இதுல கால்வாசி புல்லுக்கு ரெண்டு மைலு நடக்கணும். இங்க வந்த புதுசுல, வெட்டுன புல்லப் பையில கட்டி குப்பைக்குப் போடுறதப் பாத்து வயிறு எரியும். இப்ப பழகிருச்சு. ஆனா இந்தப் படத்தப் பாத்ததும் மறுபடியும் ஆடு ஞாவகந்தான் வருது."

உங்களுக்கு அங்கே எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார். அறையில் ஒருத்தருக்கு முடிவெட்டத் தெரியும், இரண்டு மாடிக்கும் அவர்தான் இப்போது. லூடோவில் தோற்றவர் எல்லோருடைய தட்டையும் கழுவ வேண்டும். பொட்டலச் சோற்றில் வருவது சாம்பாரா ரசமா என்று தினமும் பந்தயம். ஊரில் ஆடு இரண்டு குட்டி போட்டதை வீடியோவில் பன்னிரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். பெயர் வைப்பதில் சண்டை. கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எங்க விடுதி வேலிக்கு வெளியவும் புல்லு மண்டிக் கெடக்குக்கா. வெட்ட ஆளில்ல. ஆளெல்லாம் வேலிக்கு உள்ள இருக்கு."

அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் எண்ணிக்கை வந்ததும் சமையலறையிலிருந்து, "இன்னிக்கு எத்தன?" என்று கேட்பார். செய்தியில் எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்து வரும். சமூகத்தில் இத்தனை, தங்குவிடுதிகளில் இத்தனை. ஏப்ரல் 20 அன்று மொத்தம் 1,426. அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 16 பேர் மட்டும். நான் 16 என்று சொன்னால் போதும், அம்மாவின் குரல் இளகிவிடும். நாடே அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தம்பியின் குரல்பதிவு வந்த பிறகு, "இன்னிக்கு எத்தன?" என்று கேட்டுவிட்டு, நான் ஒரு எண் சொன்னதும், "அது சரி, இன்னொண்ணு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

மே நடுவில் தம்பிக்கும் நோய் உறுதியானது. எக்ஸ்போ மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஒரே ஒரு பதிவுதான் வந்தது. இருமல் நடுவே, "கூரை எவ்ளோ ஒசரம் தெரியுமாக்கா? மேல பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்" என்றார். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் பேச்சில்லை. அம்மா என்னைத் தினமும் கீழே அனுப்பினார். "அது கேக்காட்டி என்ன, நீ படத்த அனுப்பு." அனுப்பினேன். புல், சில்லை, பூனை, மறுபடி புல். நீல டிக் விழும். பதில் வராது. நீல டிக் விழுந்த நேரத்தை அம்மாவிடம் சொல்வேன். அது போதும் என்பதுபோல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. "அக்கா, கால்வா ஓரம் புல்லு சாய ஆரம்பிச்சிருச்சு. மழை பெஞ்சா அழுவிரும்."

அந்த மாதம் முழுக்க நான் புல்லைப் பார்த்து சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது குறையவில்லை. ஒரு சில்லை தண்டோடு சாய்வதைப் பார்த்தால் வாய் தானாகச் சிரித்தது. மேலே வந்தால் கைப்பேசியில் நீல டிக் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டும் ஒரே சரிவிலிருந்து வந்தவை. எதையும் எதோடும் கழித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு காலை, வேறு ஆட்கள் வந்து மொத்தத்தையும் வெட்டிப்போட்டார்கள். பிளேடு போட்டுத்தான் வெட்டினார்கள். தம்பி சொன்னது சரி. மதியத்துக்குள் பழைய பச்சைத் தரை. வாட்ஸ்ஆப் குழுவில் நன்றி, கைகூப்பு, கட்டைவிரல். அம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய், "மிதிகீர" என்றார். அந்த வெள்ளைப் பூவின் பெயர்.

விடுதிகளில் இருந்த 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்கு நோய் வந்துபோயிருந்தது என்ற கணக்கு டிசம்பரில்தான் வெளியானது. அதற்கு முன்பே, செப்டம்பரில், தம்பி மறுபடி எங்கள் சரிவுக்கு வந்தார். லாரியிலிருந்து இறங்கி, வேலை முடிந்து, நேராக விடுதி. வழியில் நிற்கக் கூடாது, மற்றவர்களோடு கலக்கக் கூடாது. அம்மா ஊறுகாய் பாட்டிலைப் புளோக்குக் கீழே கல்மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி வந்து நின்றுகொண்டார். தம்பி வந்து எடுத்துக்கொண்டு கையை உயர்த்திக் காட்டினார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. இளைத்திருந்தார்.

இரவு அழைத்தார். "இன்னிக்கு மொத வேலையா கயித்த இழுத்து மிஷின ஸ்டார்ட் பண்ணேன் பாருங்க. அந்தச் சத்தம் இருக்கே. அஞ்சு மாசம் ஆச்சுக்கா அதக் கேட்டு. வெட்டாம சும்மா ஆக்சிலேட்டர மட்டும் புடிச்சுக்கிட்டே இருந்தேன். சூப்பர்வைசர் என்னய்யா பண்றன்னு வந்துட்டாரு. ஒங்க வூட்டுக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்றேன்.

"ஒங்க குப்பைமேனி கால்வா ஓரத்துல மறுபடி வந்திருந்துச்சு. அதையும் சேத்து வெட்ட வேண்டியதாப் போச்சு. அம்மாட்ட சொல்லிருங்க. வேரு இருக்கு. ரெண்டு வெட்டுக்குள்ள வந்துரும்."